டேய்ங்க

பேருந்தில் என் காலை மிதித்துவிட்டு என்னையே முறைப்பவரிடம்கூட, "கண்ணு தெரியறதில்லீங்களா?" என்றுதான் என்னால் சண்டை போட முடிகிறது. ஐம்பதை நெருங்கும் ஆளுக்கு ஒழுங்காகத் திட்டத் தெரியாது என்பது வெட்கக்கேடுதான். திட்டுவதற்கு ஒத்திகை பார்த்துக்கொண்டு போய், மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்பிய நாட்களும் உண்டு. பழியை எங்கள் ஊர்ச் சமாதான ஒப்பந்தத்தின் மேல் போட்டுவிடலாம் என்றிருக்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். சோமனூர்ப் பக்கம், தறிச் சத்தத்துக்கு மேல் பேசிப் பேசியே எல்லோருக்கும் தொண்டை பெருத்துப்போன ஊர். அப்பாவின் ஒரே அக்காவான என் அத்தை வாழ்க்கைப்பட்டது மேற்கு வளவில். நாங்கள் கிழக்கு வளவு. சேர்ந்தாற்போல் இருக்கும் வீடுகளை எங்கள் பக்கம் வளவு என்போம். ஒரு தேர்த் திருவிழாக் கூட்டத்தில் அத்தையின் வீட்டுக்காரர் என் அப்பாவை, "தள்ளி நில்லுங்க" என்பதற்குப் பதில் "தள்ளி நில்லு" என்றுவிட்டார். ஒரு ‘ங்க’தான் குறைந்தது. இரண்டு வளவுக்கும் நடுவிலிருந்த நடைத்தடத்தை அடைத்து அன்றே முள் விழுந்தது.

வெகுநாள் கழித்துப் பெரியவர்கள் கூடி, மாரியம்மன் முன் சூடம் கொளுத்திச் சமாதானம் பேசினார்கள். முள்ளை எடுத்துவிடுவது, இனி இந்த வளவுக்காரர் அந்த வளவுக்காரரிடம் ‘ங்க’ போடாமல் பேசினால் முள்ளைத் திரும்பப் போடுவது. பால்குடிக் குழந்தைகளுக்கு மட்டும் விலக்கு. முள் போனது, ஆட்கள்தான் வரவில்லை. அப்பாவும் மாமாவும் டீக்கடையில் ‘சௌக்கியங்களா’ என்று கேட்டுக்கொண்டு அவரவர் வாசலுக்குத் திரும்பினார்கள். அத்தை எங்கள் வீட்டுப் படியேறவே இல்லை. முதலில் போக வேண்டியது யார் என்று ஒப்பந்தத்தில் சொல்லவில்லை.

அதன் முதலாண்டு நிறைவை இளவட்டங்களை வைத்துக் கொண்டாடுவது என்று முடிவாயிற்று. கிரிக்கெட். அத்தனை மரியாதையான ஆட்டத்தை உலகம் கண்டிருக்காது.

"போடறேனுங்க."

"போடுங்க."

"அவுட்டுங்களா?"

"நெனச்சுக்கிட்டே இருங்க."

கோயில் பூசாரி நடுவர். இரண்டு வளவுக்கும் பொதுவானவர், கிரிக்கெட் தெரியாதவர் என்று அவருக்கு இரண்டு தகுதிகள்.

மட்டையும் பந்தும் கைக்கு அடங்காததால் நான் விக்கெட் கீப்பர். கடைசிப் பந்து. அவர்கள் ஒரு ரன் எடுத்தால் ஆட்டம் சமன். எடுக்காவிட்டால் வெற்றி எங்களுக்கு. எதிர்முனையிலிருந்து அத்தை மகன் என்னை நோக்கி ஓடிவந்தான். பந்தும் வந்தது. ஸ்டம்பைத் தட்டினேன்.

"நாட் அவுட்டுங்க," என்றான் அவன்.

"டேய்!" என்றேன் நான்.

 மாமா எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். அப்பாவும் கட்டினார். வேலியோரம் உட்கார்ந்திருந்த அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். முள் வெட்டும் அரிவாள் யார் வீட்டில் இருக்கிறது என்று கூட்டத்தில் யாரோ விசாரிப்பது கேட்டது. என் வாயிலிருந்து ஒன்று தானாக வெளியே வந்து விழுந்தது.

"...ங்க."

‘டேய்ங்க’ என்றொரு சொல் அதுவரை தமிழில் இல்லை. முதலில் பூசாரி சிரித்தார், வெற்றிலைச் சாறு வேட்டியில் வழிய. அடுத்து மாமா. பிறகு, பல்லைக் கடித்துப் பார்த்துத் தோற்றுப்போன அப்பா. அத்தை மகன் வயிற்றைப் பிடித்துக்கொண்டே, "சரி, அவுட்டுதானுங்க டேய்ங்க," என்று மட்டையைக் கீழே போட்டான்.

ஜெயித்துவிட்டோம். இரண்டு வளவும் சேர்ந்து என்னைத் தோளில் தூக்கி, அந்தத் தடத்தின் வழியாகவே ஊர்வலம் விட்டது. மேளம் அடித்தது மேற்கு வளவு. தோற்ற அணி அப்படிக் கொண்டாடியதை அதற்குப் பிறகு நான் எங்கும் பார்த்ததில்லை.

ஊர்வலம் எங்கள் வாசலில் நின்றபோது, பின்னாலேயே வந்த அத்தை விறுவிறுவென்று படியேறினாள். அப்பாவைப் பார்த்து, "டேய், ஒரு சொம்பு தண்ணி குடு," என்றாள். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே ஓடினார். தண்ணீர் வர நெடுநேரம் ஆயிற்று.

ஒப்பந்தம் பட்டப்பகலில் மீறப்பட்டதைக் கண்டு பதறியவன் நான் ஒருவன்தான். "அத்தே, நீங்க ‘ங்க’ போடலீங்க," என்றேன், ஜெயித்தவனுக்குரிய பொறுப்போடு.

அத்தை என் தலையைத் தடவினாள்.

"நீ மொதல்ல ஸ்டம்ப நேரத்துக்குத் தட்டப் பழகு கண்ணு. எம்பையன் கோட்டைத் தாண்டி, டீயே குடிச்சுப்போட்டு வந்திருக்கலாம்."