இரண்டு விரல்கள் வராத பாட்டு

ஞாயிறு ஆராதனையில் இரண்டாவது பாட்டின் நடுவில் என் வலது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் உள்ளங்கைக்குள் மடங்கிக்கொண்டன. வலி இல்லை, மரத்துப்போகவும் இல்லை. யாரோ கூப்பிட்டதுபோல் உள்ளே போய்விட்டன. மிச்ச விரல்களால் சமாளித்துக் கீபோர்டு வாசித்து முடித்தேன். சபையில் ஒருவரும் கவனிக்கவில்லை. எனக்குக் கழுத்தெல்லாம் வியர்த்துவிட்டது.

சிங்கப்பூரின் தோ பாயோ பேட்டையில் எங்கள் வீட்டில் அதே விரல்கள் வெங்காயம் நறுக்கின, சேலைக்கு மடிப்பு வைத்தன, பேனா பிடித்தன. கீபோர்டில் வைத்தால் மட்டும் மடங்கின. நான்தான் நடிக்கிறேனோ என்றுகூடச் சந்தேகம் வந்தது. உங்களுக்கும் இப்படி நேர்ந்தால் முதலில் அந்தச் சந்தேகத்தை விடுங்கள். நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.

தமிழ்ச் சபைகளில் வாசிப்பவர்களின் கஷ்டம் தனி. பாட்டை யார் வேண்டுமானாலும் எந்தச் சுருதியிலும் எடுத்துவிடுவார்கள். ஏதோ ஒரு மூலையிலிருந்து ஒரு அம்மா ஆரம்பித்தால் சபையே பின்னால் போய்விடும். வாசிப்பவர்தான் ஓடிப்போய்ச் சுருதியைப் பிடிக்க வேண்டும். இதற்கென்றே கீபோர்டில் ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் பழகிய கட்டைகளிலேயே வாசிக்கலாம், சத்தம் வேறு சுருதியில் வரும். நான் அதைத் தொட்டதே இல்லை. பரீட்சையில் காப்பியடிப்பதற்குச் சமம் என்பது என் எண்ணம். ஒவ்வொரு பாட்டையும் எல்லாச் சுருதிகளிலும் விரல் நோகப் பழகி வைத்திருந்தேன். ஆண்டவருக்குக் கொடுப்பதில் குறை இருக்கக் கூடாது என்று சொல்லிக்கொள்வேன். ஆண்டவர் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. நான் பயந்தது முன்வரிசையில் உட்கார்ந்து குறை கண்டுபிடிப்பவர்களுக்கு.

அதே பயத்தில்தான் நானே எழுதிய ஒரு பாட்டு பல வருடங்களாகப் போனிலேயே கிடந்தது. சபையில் வருடாவருடம் வரும் அறுவடை விழாவான அறுப்பின் பண்டிகைக்கான நன்றிப் பாட்டு. போதகர் கேட்கும்போதெல்லாம் இரண்டாவது அடி இன்னும் சரியாக வரவில்லை என்பேன். இந்த வருடம் கண்டிப்பாகத் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். அந்த அடியின் முடிவில் படபடவென்று இறங்கி வரும் ஒரு சங்கதி இருக்கிறது. அதை வாசிக்க அந்த இரண்டு விரல்களும் வேண்டும்.

மருத்துவர் ஒரு சீனப் பெண்மணி. சின்னக் கீபோர்டு ஒன்றைக் கொண்டுவரச் சொன்னார். முதலில் மேசை விளிம்பில் வாசிக்கச் சொன்னார். விரல்கள் சமர்த்தாக ஆடின. கீபோர்டில் வைத்ததும் மடங்கின. டிஸ்டோனியா (தசைகள் நம் சொல் கேளாமல் தாமாக இறுகிக்கொள்ளும் நரம்புக் கோளாறு) என்றார். எனக்கு வந்திருப்பது ஒரு குறிப்பிட்ட வேலையின்போது மட்டும் தலைகாட்டும் வகை. மூளையில் விரல்களுக்குத் தனித்தனி இடம் உண்டாம். ஒரே அசைவை அளவுக்கு மீறிப் பழகும்போது சிலருக்கு அந்த எல்லைகள் கலங்கிவிடுமாம். பரம்பரையும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார். தவறு வந்துவிடுமோ என்று பயந்து பயந்து பழகுபவரா என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் என் கணவர் எட்வின் பலமாகத் தலையாட்டினார்.

போட்டுலினம் ஊசி (இறுகும் தசையைக் கொஞ்ச காலம் தளர்த்தி வைக்கும் மருந்து) முன்கையில் போட்டார்கள். கைச் சிகிச்சை நிபுணர் ஒரு குழந்தைக்குச் சொல்லித் தருவதுபோல் ஒவ்வொரு விரலாக, மிக மெதுவாக அழுத்தப் பழக்கினார். முழுக் குணத்துக்கு யாரும் உத்தரவாதம் தரவில்லை. எனக்கு விசுவாசம் போதவில்லை என்று சபையில் ஒருவர் ஆறுதல் சொன்னார். அவர் மேல் வந்த கோபத்தில் அன்று நன்றாகவே ஜெபித்தேன். ஆண்டவரே, விரலைத் திருப்பிக் கொடும், இல்லாவிட்டால் இந்தப் பாட்டை என்னிடமிருந்து எடுத்துக்கொள்ளும் என்றேன். இரண்டில் எது நடக்கும் என்று யோசிக்கக்கூட இல்லை.

ஞாயிறு மாலைகளில் கப்பல் பட்டறையிலும் கட்டுமானத் தளங்களிலும் வேலை பார்க்கும் தம்பிகள் எங்கள் சபை மண்டபத்தில் கூடுவார்கள். சிராங்கூன் சாலையில் சாமான் வாங்கிய பைகளோடு வருவார்கள். எட்வின் அங்கே டீ ஊற்றுபவர். அவர்களுக்கு வாசித்துக்கொண்டிருந்தவர் ஊருக்குத் திரும்பிவிட்டார்.

"மூணு விரல் இருக்குல்ல ஜெசி, வா லா. முன்வரிசையெல்லாம் அங்க இல்ல," என்றார் எட்வின்.

போனேன். தூத்துக்குடியிலிருந்து வந்த ரூபன் என்ற வெல்டர் பாட்டு எடுப்பவர். என்னைப் பார்த்ததும், "அண்ணன் டீ ஊத்தும்போது முனகுவாரே, அந்தப் பாட்ட எடுக்கலாமாக்கா? எங்க எல்லாருக்கும் பாடமாயிருச்சு," என்றார். எனக்குத் தெரிந்த பாட்டாகத்தான் இருக்கும் என்று தலையசைத்தேன்.

அவர் எடுத்தது என் பாட்டு.

எட்வின் டீ டம்ளர்களுக்குப் பின்னால் தலைகுனிந்து நின்றார். பூட்டிய கதவுக்குப் பின்னால் நான் பழகியதை வருடக்கணக்காகக் கேட்டவர். தெரிந்து செய்யவில்லை என்று பிறகு சத்தியம் பண்ணினார்.

ரூபன் நான் நினைத்தே பார்க்காத உயரத்தில் எடுத்திருந்தார். விரல்கள் மடங்கத் தொடங்கின. வாழ்க்கையில் முதல்முறையாக அந்தப் பொத்தானை அழுத்தினேன். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. சுருதி சேர்ந்தது.

இரண்டாவது அடி நெருங்கியது. அந்தச் சங்கதியை இந்தக் கையால் வாசிக்கவே முடியாது. ஆனால் அது வரவில்லை. எட்வினுக்கு அதை முனகத் தெரியவில்லை. அந்த இடத்தில் ஒரே சுரத்தை நீட்டிவிட்டிருக்கிறார். தம்பிகளும் அப்படியே நீட்டினார்கள். கண்ணை மூடிக்கொண்டு, மூச்சு தீரும்வரை. மண்டபத்தின் சுவரெல்லாம் அந்த ஒரு சுரமாக இருந்தது. ஒரே கட்டையில் என் நடுவிரல் அழுத்தி நின்றது. மடங்கிய இரண்டு விரல்களும் உள்ளங்கைக்குள் சும்மா இருந்தன. என் விரல்கள் எங்கே நின்றுபோகுமோ, சரியாக அங்கே இவர்கள் எனக்கு முன்பே ஓர் இடத்தைத் திறந்து வைத்திருந்தார்கள். கர்த்தாவே என்று மட்டும் சொல்ல வந்தது. அழுதேன்.

பாட்டு முடிந்ததும், அது நான் எழுதியது, இரண்டாவது அடியின் முடிவு வேறு என்று எட்வின் சொல்லிவிட்டார். ரூபனின் முகம் வாடியது.

"அப்ப ரெண்டாவது அடி தப்பாப் பாடிட்டோமாக்கா? சரியாச் சொல்லிக் குடுங்க, மாத்திக்கிறோம்."

என்னிடம் யாராவது இப்படிக் கேட்க வேண்டும் என்று எத்தனை வருடம் ஆசைப்பட்டிருக்கிறேன்!

"வேணாம் ரூபன். நீங்க பாடுறதுதான் பாட்டு," என்றேன்.

அறுப்பின் பண்டிகையில் முன்வரிசையும் அப்படியேதான் பாடியது. விரல்கள் இப்போது சில நாள் திறக்கின்றன, சில நாள் இல்லை. காலையில் கையைப் பார்க்கும்போது கட்டளையிடத் தோன்றுவதில்லை. இன்றைக்கு எப்படி இருக்கிறாய் என்று கேட்கத் தோன்றுகிறது. முன்பெல்லாம் அடுத்த சுரத்துக்குள் ஓடிக்கொண்டே இருப்பேன். இப்போது அந்த நீண்ட சுரத்தில் ஒரு விரலோடு நிற்கிறேன். பாடுகிறவர்கள் மூச்சு எடுக்கும்வரை எனக்கு எங்கும் போக வேண்டியதில்லை.