ஞானம்மாவிடம் இல்லாத எண்

ஒரகடம் சாலையில் ஞானம்மாவின் டிபன் வண்டியைத் தெரியாத ஷிப்ட் ஆள் கிடையாது. சேரப்பணஞ்சேரியில் வீடு, காலை ஐந்து மணிக்கெல்லாம் கம்பெனி பஸ்கள் நிற்கும் இடத்தில் அடுப்பு எரியும். கணவர் போன பிறகு இந்த வண்டியை வைத்தே மகள் எழிலரசியைப் படிக்க வைத்தாள். மகள் இப்போது செல்போன் கம்பெனியில் சூப்பர்வைசர்.

அந்த வண்டியின் மீதுதான் லுட்கர் வந்து மோதினான். கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலைக்கு இயந்திரம் பூட்ட வந்திருந்த ஜெர்மன்காரன். நம் ஊர் ஸ்கூட்டரை ஓட்டிப் பழகுகிறேன் என்று கிளம்பி, பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரைத் திருகிவிட்டான். யாருக்கும் அடியில்லை. இட்லிக் குண்டான் மட்டும் தோசைக்கல்லாகிவிட்டது.

"உடு தம்பி, பாத்திரம்தானே," என்றாள் ஞானம்மா.

அவன் விடவில்லை. பிறர் பொருளைத் தான் உடைத்துவிட்டால் ஈடு கொடுக்க அவன் ஊரில் காப்பீடு இருக்கிறதாம். ஊருக்குப் போனதும் விண்ணப்பம் போட்டுவிட்டான். பத்தே நாளில் ஞானம்மாவுக்கு ஒரு படிவம் மெயிலில் வந்தது. எழிலரசி போனிலேயே நிரப்பினாள். குண்டானின் மாடல் கேட்டிருந்தார்கள்.

"எழுவது இட்லி மாடல்னு எழுது," என்றாள் அம்மா.

அதுவரை சரி. அடுத்த கட்டத்தில் 'ஐபான்' கேட்டார்கள். இருபத்திரண்டு எழுத்தும் எண்ணும் சேர்ந்து வர வேண்டும். ஞானம்மா பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போனாள். அங்கே அதிகாரி இராமச்சந்திரன் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"ஐபான்னு ஒண்ணு நம்ம நாட்லயே கிடையாதும்மா. ஐரோப்பாவுல, வளைகுடாவுல எல்லாம் நாடு, பேங்க், கணக்கு மூணையும் கோத்து ஒரே நம்பரா வச்சிருக்கான், நீளம் மட்டும் நாட்டுக்கு நாடு வேற. நமக்கு கணக்கு நம்பர், ஐஎஃப்எஸ்சி, பேங்கோட ஸ்விஃப்ட் கோடு. இத்த குடுத்தா போதும்."

கொடுத்தார்கள். 'ஐபான் இல்லை என்பதற்கு வங்கிச் சான்று அனுப்பவும்' என்று பதில் வந்தது. இராமச்சந்திரன் முத்திரை குத்திச் சான்று கொடுத்தார். 'சான்று கிடைத்தது, நன்றி. சான்றளித்த வங்கியின் ஐபானைத் தெரிவிக்கவும்' என்று அடுத்த பதில்.

எழிலரசிக்குக் கோபம் வந்தது. நாட்டுக்கு ரெண்டு எழுத்து, பின்னால் கணக்கு எண், நடுவில் தேவையான அளவு சைபர் என்று இருபத்திரண்டை நிரப்பி அழுத்தினாள். 'இப்படி ஓர் எண் இருக்க முடியாது' என்று படிவம் உடனே துப்பியது.

"அதுல மூணாவது, நாலாவது இலக்கம் சும்மா இல்லம்மா," என்றார் இராமச்சந்திரன். "எழுத்தையெல்லாம் எண்ணாக்கி மொத்தத்தையும் தொண்ணூத்தேழால வகுத்தா மீதி ஒண்ணு வரணும். தப்பா அடிச்சா அங்கியே மாட்டிக்கும்."

"என் குண்டான் நசுங்குனதுக்கு நான் கணக்குப் பரீட்சை எழுதணுமா சார்?"

கடைசியில் லுட்கரே அந்தக் கம்பெனிக்குப் போன் போட்டு முக்கால் மணி நேரம் காத்திருந்தான். எடுத்த அம்மாள் ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டாளாம்: படிவத்தின் அடியில், எறும்பு எழுத்தில், 'ஐபான் இல்லாத நாடு' என்று ஒரு கட்டம் உண்டு, அதில் டிக் அடித்தால் போதும்.

பணம் வந்தது. கணக்கில் ஏறவில்லை. எதற்காக வெளிநாட்டிலிருந்து வந்தது என்று சொல்ல வேண்டுமாம். கவுன்ட்டரில் புதிதாகச் சேர்ந்திருந்த ரஞ்சனி பட்டியலைப் படித்தாள்.

"சாஃப்ட்வேர் ஏற்றுமதியா ஆன்ட்டி?"

"இட்லி ஏத்துமதி கூட இல்லம்மா."

"அப்போ குடும்பச் செலவுக்குன்னு போடவா? அவரு உங்களுக்கு இன்னா ஒறவு?"

வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஞானம்மாவின் முகம் சிவந்தது.

"ஏசப்பா சாட்சியா சொல்றேன், அவன் எனக்கு ஒண்ணும் ஆவல. வந்து மோதுனான், அவ்ளோதான்!"

இராமச்சந்திரன் உள்ளேயிருந்து ஓடிவந்து, காப்பீட்டு இழப்பீடு என்ற வரியைக் காட்டிக் கொடுத்தார். இடையில் இருந்த வங்கிகள் ஆளுக்குக் கொஞ்சம் பிடித்தது போக, நாலாயிரத்துச் சொச்சம் ஏறியது.

இப்போது அவள் வண்டியில் கூட்டம் இன்னும் அதிகம். சவுதியிலிருக்கும் தம்பிக்குப் பணம் அனுப்ப வேண்டியவன், துபாய் முதலாளியிடம் சம்பள பாக்கிக்கு அலைபவன், எல்லாரும் தட்டை நீட்டிக்கொண்டே கேட்கிறார்கள். ஞானம்மா சாம்பாரை ஊற்றிக்கொண்டே சொல்கிறாள்:

"ஐபான் சவுதிக்கு இருபத்தி நாலு எழுத்து, துபாய்க்கு இருபத்தி மூணு. எண்ணிப் பாத்துட்டு அனுப்பு. நம்மகிட்ட எவனாவது கேட்டா, கீழ சின்ன எழுத்துல இன்னா போட்டுக்கீதுன்னு மொதல்ல படி. சட்னி வோணுமா?"