கம்ப்யூட்டர் கேட்ட கேள்வி

எண்பதுகளின் கடைசியில், வில்லாபுரம் பக்கம் ஒரு நூல் மில்லில் கம்ப்யூட்டர் பிரிவுக்கு நான்தான் பொறுப்பு. பிரிவு என்றால் ஓர் ஏசி அறை, பீரோ உயரத்தில் ஒரு கம்ப்யூட்டர், டேட்டா என்ட்ரி செய்யும் ஒரு பெண், நான். மெட்ராஸில் மூன்று மாதம் பயிற்சி முடித்தவன் என்பதால் பேரையூரில் சொந்தக்காரர்கள் என்னை இன்ஜினியர் என்றே சொல்லிக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை.

புது பிரிண்டர் ஒன்று வந்தது. அதற்காகக் கெர்னலை மாற்றவேண்டியிருந்தது. கம்ப்யூட்டரைப் போட்டதும் முதலில் நினைவகத்தில் ஏறி, மற்ற எல்லாவற்றையும் நடத்துகிற புரோகிராம் அதுதான். பழையதை வேறு பெயரில் வைத்துக்கொள்ளச் சொன்னது கையேடு. எதற்கு என்று யோசிக்காமல், ஆங்கில எழுத்தில் 'பழசு' என்று பெயர் வைத்தேன். புதியதைத் தயாரித்துவிட்டு, மேனேஜரைக் கூப்பிட்டு நிற்கவைத்து சுவிட்சைப் போட்டேன்.

நாலு வரி ஓடி நின்றுவிட்டது. அணைத்துப் போட்டேன். அதே நாலு வரி. மூன்றாவது தடவையும் அப்படியே.

"டிஸ்க் போயிருச்சு சார். மெட்ராஸ்ல இருந்துதான் ஆள் வரணும்" என்றேன். அவர் மெட்ராஸுக்கு டிரங்க்கால் போடப் போனார்.

அந்தப் பெண் மெதுவாகக் கேட்டாள். "அண்ணே, போட்டதும் ஒரு வரி வந்து நிக்குதே, அது என்னமோ கேக்குதுல்ல?"

"அது சும்மா வரும்மா. என்டர் தட்டுனா போயிரும்."

"நீங்க ஒண்ணுஞ் சொல்லாம தட்டுறதாலதான், அது பாட்டுக்கு ஒண்ண எடுத்துக்கிருதோ என்னமோ."

கையேட்டைப் புரட்டினேன். அவள் சொன்னதேதான் அதில் இருந்தது. எந்தக் கெர்னலை ஏற்றட்டும் என்று அந்த வரி கேட்கிறது. பெயர் சொன்னால் அதை ஏற்றும்; வெறும் என்டர் தட்டினால், வழக்கமான பெயரில் உள்ளதை ஏற்றும். அந்தப் பெயரில்தான் என் கோளாறான புதுசு உட்கார்ந்திருந்தது. ஒரு வருஷமாகத் தினமும் காலையில் கேட்ட கேள்விக்கு நான் ஒருநாளும் பதில் சொன்னதில்லை.

'பழசு' என்று அடித்தேன். கம்ப்யூட்டர் எழுந்துகொண்டது. ஓடிப்போய் டிரங்க்காலை நிறுத்தினேன்.

"எப்படிய்யா சரி பண்ணுன?" என்றார் மேனேஜர்.

"ஒரு யோசனை தோணுச்சு சார்."

அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார். அறைக்குத் திரும்பினால், அவள் பாட்டுக்கு டேட்டா என்ட்ரி செய்துகொண்டிருந்தாள். அதுதான் உறுத்தியது. மறுநாள் மேனேஜரிடம் போய் நடந்ததைச் சொன்னேன்.

"அப்ப இனிமே கம்ப்யூட்டர அந்தப் பிள்ளையே போடட்டும். நீ பக்கத்துல இருந்து பாத்துக்க" என்றார்.

புதுக் கெர்னலில் ஒரேயொரு எண்தான் தப்பு. அதை நானேதான் கண்டுபிடித்தேன். அப்போது யாரும் கேட்கவில்லை. அதனால் இப்போது சொல்கிறேன்.