ரிலீவ் என்று எழுதிய கடிதம்

உங்கள் அம்மா எம்.ஏ. இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தபோது, அவள் பெயரைக் கல்லூரி வருகைப் பதிவேட்டிலிருந்து அடிக்க வைத்தவன் நான்தான். அவள் இதை உங்களிடம் சொல்லியிருக்க மாட்டாள். நீங்கள் இப்போது கல்லூரிப் படிவங்களைக் கையில் வைத்துக்கொண்டு அலைவதைப் பார்க்கிறேன். நானே சொல்லிவிடுவதுதான் சரி.

அப்போது நீங்கள் யாரும் பிறக்கவில்லை. ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக்கரைப் பக்கம் ஒற்றை அறையில் குடியிருந்தோம். லால்குடி போகும் பாதையில் ஒரு ரயில்வே கேட்டில் எனக்கு வேலை. எஸ்.எஸ்.எல்.சி.யில் இங்கிலீஷில் கோட்டை விட்டவன் நான். அம்மா பி.ஏ. முடித்தவள். கல்யாணமான மறுவருஷம், "மேல படிக்கட்டுமாங்க?" என்று கேட்டாள். எனக்குப் பெருமையாக இருந்தது, சரி என்றேன். திருச்சியில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பெண்கள் கல்லூரியில் பொருளாதாரம் கிடைத்தது. காலையில் ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்துப் போய்விடுவாள். கூட வேலை பார்த்தவர்கள் என்னைச் சும்மா விடவில்லை. "ஏம்ப்பா, எம்.ஏ. முடிச்சிட்டு உன் வீட்டம்மா கேட்டைத் தூக்குவாங்களா, இல்ல உன்னையே தூக்கிடுவாங்களா?" என்பார்கள்.

அந்தத் தை மாதம், பொங்கல் லீவு முடிந்த வாரத்தில் அவளுக்கு அம்மை போட்டது. கண் இமைமேல்கூட முத்து. வீட்டுக்கார அம்மாள் நிலைப்படியில் வேப்பிலை செருகிவிட்டு, "சமயபுரத்தா வந்திருக்கா. டாக்டரு கீக்டருன்னு எங்கியும் போயிடாதீங்க" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மூன்று தண்ணீர் ஊற்றும்வரை அவள் வெளியே போகக் கூடாது.

அவளுக்கு உடம்பைவிடக் கல்லூரிதான் கவலை. நூற்றுக்கு எழுபத்தைந்து நாளாவது வகுப்பில் இருந்தால்தான் பரீட்சை எழுத விடுவார்கள். ஆடியில் அவள் அப்பா இறந்தபோதே இரண்டு வாரம் போயிருந்தது. கண்ணைத் திறக்க முடியாமல் படுத்துக்கொண்டே, "ஒரு லீவு லெட்டர் போட்டுடுங்க. தமிழ்லயே எழுதுங்க, போதும்" என்றாள்.

நான் கேட்கவில்லை. எம்.ஏ. படிப்பவளின் புருஷன் தமிழில் எழுதினால் என்ன நினைப்பார்களோ என்று ஒரு வீம்பு. இரண்டு நாள் யோசித்து இங்கிலீஷில் எழுதினேன். எங்கள் வேலையில் ரிலீவ் என்று ஒரு சொல் உண்டு. நம் நேரம் முடிந்ததும் அடுத்த ஆள் வந்து நம்மை ரிலீவ் பண்ணுவார். சாவி, கொடி, விளக்கு எல்லாம் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கி எழுந்து, திரும்ப வந்து நாம் அவரை ரிலீவ் பண்ணுவோம். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் மரியாதையான சொல் அது. என் மனைவிக்கு அம்மை, ஆகையால் இன்று முதல் அவளைத் தயவுசெய்து கல்லூரியிலிருந்து ரிலீவ் செய்யுங்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தபாலில் சேர்த்தேன். அவளிடம் படித்துக் காட்டவில்லை.

மூன்றாம் தண்ணீர் ஊற்றி, முகமெல்லாம் தழும்போடு அவள் கல்லூரிக்குப் போன அன்று எனக்குப் பகல் டியூட்டி. உச்சி வெயிலில் நடந்து நேராகக் கேட்டுக்கே வந்துவிட்டாள்.

"லெட்டர்ல என்ன எழுதினீங்க?"

"அம்மைன்னுதான்."

"ரிலீவ்னு எழுதினீங்களா?"

"ஆமா. லீவுக்கு அப்படித்தானே..."

"காலேஜ்ல ரிலீவ்னா படிப்பை விட்டுட்டுப் போறதுங்க. என் பேரை அடிச்சிட்டாங்க. மிஸ் என் நம்பரைக் கூப்பிடவே இல்ல. எழுந்து நின்னா, 'நீதான் நின்னுட்டியேம்மா, எதுக்கு வந்தே?'ன்னு கேக்கறாங்க."

அதற்குள் மணி அடித்துவிட்டது. கேட்டை இறக்கிக் கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கூட்ஸ் வண்டி போய்க்கொண்டே இருந்தது. அவள் பக்கம் திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது.

மறுநாள் ஆள் மாற்றிக்கொண்டு அவளோடு போனேன். கல்லூரி வாசலில் வாட்ச்மேன் என்னை நிறுத்தினார். "ஆம்பளைங்க உள்ள போகக் கூடாதுங்க."

"அண்ணே, நானும் கேட்காரன்தான். ரயில்வே கேட்டு."

"அப்ப உங்களுக்கே தெரியுமே. மூடினா மூடினதுதான்."

அம்மா உள்ளே போய் அனுமதிச் சீட்டு வாங்கி வந்த பிறகுதான் விட்டார். ஆபீஸில் கிளார்க் அம்மா என் கடிதத்தைக் காட்டினார். அதன்மேல் ஒரு டி.சி. குண்டூசியில் குத்தியிருந்தது. "நீங்க கேட்டதைத்தான் சார் செஞ்சோம். பிரின்சிபால் கையெழுத்துதான் பாக்கி. போட்டுட்டா அப்புறம் அடுத்த ஜூன்லதான், அதுவும் இடம் இருந்தா."



பிரின்சிபால் சிஸ்டர் என்னை உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை.

"நீங்கதான் எழுதினீங்களா?"

"ஆமாங்க சிஸ்டர். தப்பா எழுதிட்டேன். லீவுதான் கேட்டேன். எங்க வேலையில ரிலீவ்னா திரும்பி வரணுங்க. வராட்டா மெமோ குடுப்பாங்க."

அவர் சிரிக்கவில்லை. "வருஷா வருஷம் ரெண்டு மூணு புருஷன்மாருங்க இப்படி லெட்டர் போடறாங்க. அந்தப் பொண்ணுங்க திரும்பி வர்றதே இல்ல. அதனால நாங்களும் என்ன ஏதுன்னு கேக்கறதில்ல" என்றார். பிறகு அம்மாவைப் பார்த்து, "நீ சொல்லும்மா. உன்னை நிறுத்தணும்னுதானே எழுதினார்?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு நான் தயாராக இல்லை. படிப்பை நிறுத்துகிறவன் என்று என்னை ஒருவர் நினைக்க முடியும் என்பதே அதுவரை எனக்குத் தோன்றியதில்லை. அம்மா முதலில் என்னை ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். 

"இல்லீங்க சிஸ்டர்" என்றாள். "என்கிட்ட காட்டாம எழுதினாரு. அதுதான் தப்பு."

சிஸ்டர் டி.சி.யைக் கிழித்துக் கூடையில் போட்டார். "டாக்டர் சர்டிபிகேட் இருக்கா?"

"அம்மைக்கு டாக்டர்கிட்ட போகலீங்க."

"அப்ப அந்த நாளெல்லாம் ஆப்சென்ட்தான், என்னால ஒண்ணும் பண்ண முடியாது. பேரைத் திரும்ப எழுதச் சொல்றேன். மிச்ச நாள் வந்தா எழுபத்தஞ்சு தேறுமான்னு நீயே பாத்துக்க."

பஸ்ஸில் வரும்போதே நோட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டாள். ஒரு நாள் விடாமல் போனால் தேறும். ஒரே ஒரு நாள்தான் உபரி. அந்த ஒரு நாளும் மாசியில் காய்ச்சலில் போய்விட்டது. அதற்குப் பிறகு அவள் இருமினால்கூட எனக்குத் திக்கென்றது. மாசக் கடைசியில் ஒரு காலை, பஸ் காவேரிப் பாலத்தில் நின்றுவிட்டது. இறங்கி ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தபோது முதல் வகுப்பு முடிந்திருந்தது. அன்றைக்கு அரை நாள் வருகை போட்டார்களா, முழு நாள் வருகை போட்டார்களா என்று மிஸ் சொல்லவில்லை. அரை நாள் குறைந்தாலும் பரீட்சை கிடையாது.

பரீட்சைக்கு முன்னால் வருகை குறைந்தவர்களின் பட்டியலை ஒட்டுவார்கள். ஒட்டுகிற அன்று நானும் போனேன். அன்று சீட்டு இல்லை, அதனால் வாசல் கம்பிக்கு வெளியிலேயே நின்றேன். நோட்டீஸ் போர்டு முன்னால் ஒரே கூட்டம். அம்மாவின் முதுகு மட்டும் தெரிந்தது. மற்றப் பெண்கள் பார்த்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்கள், ஒருத்தி அழுதுகொண்டே போனாள். அம்மா மட்டும் நகரவில்லை. வாட்ச்மேன் என்னைப் பார்த்துவிட்டு, "உக்காருங்க, எவ்வளவு நேரந்தான் நிப்பீங்க" என்று தன் ஸ்டூலைத் தள்ளினார்.

கடைசியில் வந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"ரெண்டு தடவை பாத்தேங்க. என் பேர் இல்ல."

"இல்லையா?" என்றேன். "சிஸ்டரை இன்னொரு தரம் பாத்து..."

"ஐயோ, இல்லைன்னா நல்லதுங்க. எழுதலாம்."

நான் அந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.