டேனுக்கும் கருப்புக்கும் நடுவில்

எந்தத் தோல் ஷூவையும் கருப்பாக்கிவிடலாம். வெளுத்தது, கீறியது, மழையில் நனைந்து உப்புப் பூத்தது, எதுவானாலும் கருப்புச் சாயம் இரண்டு கை பூசினால் வேலை முடிந்தது. அதனால் வருகிறவர்களிடமெல்லாம் நான் கருப்பையே சொல்லிக்கொண்டிருந்தேன். பெரும்பாலும் யாரும் மறுப்பதில்லை. பழைய தங்கச் சுரங்க ஊரான எங்கள் மாரிகுப்பத்திலிருந்து விடியற்காலை ரயிலில் பெங்களூருக்குப் போகிறவர்களில் நிறையப் பேருக்கு செக்யூரிட்டி வேலை. அவர்களுக்குக் கருப்புதான் வேண்டும்.

ஸ்டேஷனுக்கு வெளியே, காம்பவுண்டுச் சுவரை ஒட்டி ஒரு நீலத் தார்ப்பாயை இழுத்துக் கட்டி உட்கார்ந்திருந்தேன். எட்டாவதோடு பள்ளியை விட்டவன். அதற்குப் பிறகு எந்த ஊரிலும் சேர்ந்தாற்போல் இரண்டு வருஷம் தங்கியதில்லை. ஓசூரில் லாரி ஷெட், கோவாவில் ஓட்டல் பாத்திரம், கடைசியாக ஆம்பூரில் ஷூ கம்பெனியின் பினிஷிங் பிரிவு. அங்கே நாள் முழுக்க சாயம் ஸ்ப்ரே அடிக்க வேண்டும். நெஞ்சில் சளி கட்டி, ராத்திரியில் படுக்க முடியாமல் உட்கார்ந்தே தூங்கினேன். விட்டுவிட்டு ஊருக்கு வந்தேன். சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான ஸ்கெலட்டனில் அப்பா இருந்த லைன் வீடு பூட்டிக் கிடந்தது. தெரிந்த வேலை இது ஒன்றுதான்.

வேலையில் தெரிந்துகொள்ள வேண்டியது அதிகமில்லை. கலர் க்ரீம் தோலின் மேலே உட்காரும். சாயம் உள்ளே இறங்கும். க்ரீம் பிடிக்கவில்லையென்றால் அன்றைக்கே துடைத்து எடுத்துவிடலாம். சாயம் இறங்கினால் இறங்கியதுதான். அதற்கு மேல் இன்னும் இருட்டாகப் போகலாம், வெளுப்புக்குத் திரும்ப வழியில்லை. எங்கள் ஊரில் இன்னொன்றும் உண்டு. மத்தியானத்துக்கு மேல், சுரங்கக் கழிவு மண்ணைக் கொட்டிக் குவித்த சைனைட் மேட்டிலிருந்து காற்று அடிக்கும். ஈரம் காயாத ஷூவில் அந்தத் தூள் ஒட்டினால் மாவு தூவிய மாதிரி ஆகிவிடும். அதனால் சாயமெல்லாம் காலையிலேயே.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் ஊரிலேயே பாலகாட் பகுதி அக்கா ஒருவர் ரயிலை விட்டு இறங்கி நேராக என்னிடம் வந்தார். சின்ன வயதில் போலியோ வந்து இடது கால் குட்டையானவர். அந்தக் காலுக்கு அடி கனமாக வைத்த ஷூ. சாய்ந்து நடப்பதால் இடதுதான் சீக்கிரம் தேயும். பெங்களூரில் ஷூ செய்து கொடுக்கிறவர் இந்தத் தடவை இடதை மட்டும் புதிதாகச் செய்திருந்தார். வலது நன்றாகத்தானே இருக்கிறது, அதை ஏன் எறிவது. ஆனால் இடது பளிச்சென்ற டேன் கலர், வேர்க்கடலைப் பருப்பை லேசாக வறுத்த மாதிரி. வலது அதே டேனாக இருந்து பல வருஷ வெயிலிலும் வியர்வையிலும் மங்கிப் பழுப்பேறியது.

"இத்த ரெண்டையும் ஒண்ணா பண்ணிக் குடு தம்பி. நான் வேல செய்றது கார்மென்ட்ஸ்ல. துணிக்கு ஷேடு பாக்குறதுதான் என் வேல. ரெண்டு ரோல் துணி கொஞ்சம் மாறி இருந்தாலும் திருப்பி அனுப்பிடுவேன். இப்ப ஃப்ளோர்ல இருக்குற பொண்ணுங்க இன்னா சொல்லுதுங்க தெரியுமா? 'மேடம், உங்க ஷூ ஷேடு மாறுது, ரிஜெக்ட்'."

"கருப்பு அடிச்சிட்டா ஒண்ணாயிடும்க்கா," என்றேன்.

ஆட்டோவில் காத்திருந்த அவர் வீட்டுக்காரர் தலையை வெளியே நீட்டினார். "அந்தப் பேர மட்டும் எடுக்காதபா. கைல இன்னா கீதோ அத்தால அடிச்சுடும்."

"நீ சும்மா இரு," என்று அவரிடம் சொல்லிவிட்டு, அக்கா என் ஸ்டூலில் உட்கார்ந்தார். "அஞ்சு வயசுலேர்ந்து ஆஸ்பத்திரி பூட்ஸ் தம்பி. ரெண்டு பக்கமும் கம்பி, கருப்பு. ஸ்கூல்ல கருப்பு, கல்யாணத்துக்குக் கருப்பு. சம்பளம் வந்தப்புறம்தான் ஷூ செய்றவன்கிட்ட டேன் கேட்டேன். 'இந்த மாதிரி ஷூவெல்லாம் கருப்புலதாம்மா வரும்'னான். 'எனக்கு வராது'ன்னேன். ஏற்கெனவே எல்லாம் என் கால பாக்குறாங்க. பாக்கட்டும், அது எனக்குப் பழக்கம். ஆனா திரும்பவும் கருப்பு போட்டுக்கினு நடக்க மாட்டேன்."

வேறு ஷூ அவருக்கு இல்லை. மற்றவர்கள் தூசிக்குப் பயந்து ஷூவைப் பையில் வைத்துக்கொண்டு ஸ்டேஷன்வரை செருப்பில் வருவார்கள். அவரால் அது முடியாது, அந்த ஷூ இல்லாமல் நடையே இல்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்துகொள்வதாகச் சொன்னார். மறுநாள் காலையில் வீட்டுக்காரர் ஷூவைக் கொண்டுவந்து கொடுத்தார்.

வலதைத் தொடாமல், புதிய இடதை அதன் நிறத்துக்கு இறக்குவது என்று வைத்துக்கொண்டேன். லேஸுக்குக் கீழே வரும் நாக்குத் தோலின் அடிப்பக்கத்தில் ஓரமாகத் தொட்டுப் பார்த்து, காய்ந்தபின் பார்த்து, சாயத்தில் ஸ்பிரிட் ஊற்றி இளக்கி, மறுபடியும் பார்த்து, பொறுமையாகத்தான் செய்தேன். காற்று கிளம்புவதற்கு முன்னால் முடிந்தது. ஜோடியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரே ஜோடி. ஆம்பூரில் சூப்பர்வைசர் பார்த்திருந்தால் எதுவும் பேசாமல் நகர்ந்திருப்பார். அவர் பேசாமல் நகர்வதுதான் அங்கே பாராட்டு.

சாயங்காலம் இருவரும் ஆட்டோவில் வந்தார்கள். அக்கா ஷூவை மாட்டிக்கொண்டு எழுந்து ரோட்டுப் பக்கம் நாலு எட்டு வைத்தார். மேற்கு வெயில் காலில் விழுந்தது. குனிந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"தார்ப்பாய்க்குக் கீழயா வச்சுப் பாத்த?"

நானும் வெளியே வந்தேன். இடது சிவந்து கிடந்தது, பாதி சுட்ட செங்கல் மாதிரி. உள்ளே உட்கார்ந்திருந்தபோது நீலத் தார்ப்பாய் அந்தச் சிவப்பை என் கண்ணுக்குக் காட்டாமல் மறைத்திருக்கிறது.

"உன் கூடாரத்துக்குள்ள மேட்ச் ஆவுது தம்பி. அப்ப நான் கூடாரத்தையும் தூக்கிக்கினு டிரெயின் ஏறணுமா?"

வீட்டுக்காரர் சத்தமாகச் சிரித்தார். அக்காவும் சிரித்தார், ஆனால் முகம் வாடியது தெரிந்தது. இப்போது கருப்பை நோக்கி ஒரு படி இறங்கியாகிவிட்டது, மேலே ஏற முடியாது. அதை அவருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. துணியிலும் அப்படித்தானாம்.

அந்த வாரம் முழுக்க அவர் அந்தச் சிவந்த ஷூவோடுதான் போய்வந்தார். தினமும் காலையில் என்னைத் தாண்டிப் போகும்போது என் கண் அவர் காலுக்குத்தான் போயிற்று. ஆனால் நான் பார்த்துக்கொண்டிருந்தது வலதை. அது ஒரு நிறமே இல்லை. மூக்கில் வெளுப்பு, மடிப்பில் கருமை, கணுக்கால் பக்கம் வியர்வை பட்ட இடத்தில் வேறொரு பழுப்பு. ஒரு நிறமாக இல்லாத ஒன்றுக்கு இன்னொன்றை ஜோடி சேர்க்கப் பார்த்திருக்கிறேன். ஒரே ஆள் போட்டு நடந்தாலும் இரண்டும் ஒரே வழியில் பழையதாவதில்லை. புதியதை மட்டும் பழையதிடம் அனுப்பினால் போய்ச்சேராது. இரண்டையும் அவை இருக்கும் இடத்திலிருந்து கிளப்ப வேண்டும். கிளப்பினால் கீழேதான் போகும். எங்கே நிறுத்துவது என்பது எனக்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை அக்காவிடம் சொன்னேன். "ரெண்டையும் உரிச்சுட்டு, சேத்து எறக்கணும்க்கா. டேன் போயிடும். எங்க நிக்கும்னு என்னால சொல்ல முடியாது."

அக்கா குனிந்து இரண்டு ஷூவையும் பார்த்தார். "அப்ப நான் பக்கத்துலயே உக்காந்துக்குறேன். நிறுத்துன்னா நிறுத்தணும்."

"சரிக்கா."

"சரின்னு சொல்றவனுங்கதான் நிறுத்த மாட்டானுங்க."

ஞாயிறு காலையில் தார்ப்பாயை அவிழ்த்துச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டேன். வெட்டவெளியில் உட்கார்ந்தோம். அக்கா ஸ்டூலில், கால் இரண்டையும் ஆட்டோ படியின்மேல் வைத்துக்கொண்டு. இரண்டு ஷூவையும் தின்னர் நனைத்த துணியால் துடைத்து மேல்பூச்சை எடுத்தேன். இடதில் இருந்த சிவப்பை எடுக்க முடியாது, அதனால் வலதுக்கும் அதே சிவப்பைக் கொஞ்சம் கொடுத்தேன். அதைப் பார்த்து அக்கா மூச்சை இழுத்துக்கொண்டார். பிறகு இரண்டுக்கும் இளக்கிய பழுப்பு. பழைய தோல் தாகமாக உறிஞ்சியது, புதியது முரண்டு பிடித்தது. புதியதற்குக் கூடவே கொடுக்க வேண்டியிருந்தது.

ஒவ்வொரு பூச்சும் காய்ந்தபிறகு அக்கா அதற்கு ஒரு பேர் சொன்னார். முதலில் "வேர்க்கடலைத் தோல்." அடுத்து "டீ, பால் கம்மி." வீட்டுக்காரர் போய் நிஜமாகவே டீ வாங்கிவந்து ஷூவுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். "டீதான் மோசம், ஷூ பரவால்ல," என்றார். அடுத்த பூச்சில் "களி." கேழ்வரகுக் களி அவருக்குப் பிடித்ததுதான், ஆனால் அதைச் சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. அதற்கு அடுத்தது "புதுப் புளி." அதில் ஒரு செம்மை இருந்தது, களியைவிட அதில் உயிர் இருந்தது. இரண்டு ஷூவும் ஏறக்குறைய சேர்ந்துவிட்டன.

அக்கா மாட்டிக்கொண்டு வெயிலில் நடந்தார், திரும்பி வந்தார்.

"எப்டி கீது?" என்று வீட்டுக்காரரைக் கேட்டார்.

"ஒரே ஜோடிமா. பொறந்ததுலேர்ந்து ஒண்ணாவே வளந்த மாதிரி."

"உன்ன போய் கேட்டேன் பாரு. சேப்புக்கும் ரோஸுக்கும் வித்தியாசம் தெரியாது."

நான் குனிந்து பார்த்தேன். இடதின் மூக்கில் ஒரு இழை வெளுப்பு இருந்தது. எனக்குத் தெரிந்தது. அக்காவுக்கும் தெரிந்தது.

"ஒரே ஒரு கை அக்கா. ரொம்ப இளக்கி, லேசா. அப்புறம் யாராலயும் கண்டுபுடிக்க முடியாது."

"அதுக்கு மேல போனா இன்னா?"

நான் பிரஷைப் புட்டியில் தோய்த்தேன்.

"பழம்புளி," என்றார் அவரே. "பழம்புளி கருப்புதான். இந்த வித்தியாசம் யாருக்குத் தெரியும்? எனக்கு, உனக்கு. எங்க ஃப்ளோர்ல நானே பாத்தாதான் தெரியும். நானே என்ன பாஸ் பண்ணிக்கிறேன், போ."

பிரஷ் என் கையில்தான் இருந்தது. அதில் சாயம் இருந்தது. ஒரு கை, அவ்வளவுதான். சரியாக வந்துவிடும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். போன வாரமும் நிச்சயமாகத்தான் தெரிந்தது. நான் பிரஷைப் பார்ப்பதை அக்கா பார்த்துவிட்டார். குனிந்து என் முன்னால் இருந்த சாயப் புட்டியை எடுத்து, மூடியைத் தேடி எடுத்து இறுகத் திருகினார். எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

ஷூவைக் கழற்றி வாங்கிக்கொண்டு, நிறமில்லாத க்ரீமை எடுத்தேன். பளபளப்புக்கும் தோல் உலராமல் இருப்பதற்கும் மட்டும். இரண்டையும் துணியால் தேய்த்து முடிக்கும்வரை அக்கா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். சாயப் புட்டி அவர் மடியில் இருந்தது.