பத்தாம் நாளில் பிரிக்க வந்த சென்ட்ரிங்

தளம் போட்ட மறுநாளிலிருந்து தினமும் விடிந்ததும் கொண்டை ஊசியோடு ஏணியில் ஏறுவேன். தண்ணீர் நிற்பதற்காகத் தளத்தின்மேல் மண்ணால் பாத்தி கட்டியிருந்தோம். ஓரத்தில் ஒரு கை அகலம் தண்ணீர் இல்லாத இடம் உண்டு. அங்கே ஊசியை அழுத்திக் கீறிப் பார்ப்பேன். எட்டாம் நாளும் கோடு விழுந்தது, இன்னும் இறுகவில்லை. எதிரே இருக்கும் சவுக்கு மரம்கூடத் தெரியாத மூடுபனி. கீழே இறங்கி அடுப்பைப் பற்றவைப்பேன், மறுபடி ஏறுவேன். ஒரு இடத்தில் என்னால் நிற்க முடியவில்லை.

மலைமேல் வாழவந்தியில் நாங்கள் கட்டிய சொந்த வீடு அது. அதுவரை எஸ்டேட் லயன் வீட்டில் இருந்துவிட்டு, அப்போது அதே மனையில் தகரக் கொட்டகை போட்டு நானும் வீட்டுக்காரரும் பிள்ளைகள் இரண்டு பேரும் இருந்தோம். அந்தத் தளத்தில் சிமெண்டோடு சாம்பல் கலந்திருந்தது. அதைக் கொண்டுவந்தவள் நான்.

அதற்கு முந்தின கோடையில் எஸ்டேட்டில் காப்பி காயவைக்கப் புதுக் களம் போட்டார்கள். நான் அங்கே சித்தாள். சேலத்திலிருந்து வந்த எஞ்சினியர், மேட்டூரில் நிலக்கரி எரிந்து மிஞ்சிய சாம்பலை மூட்டை மூட்டையாக இறக்கினார். முகத்துக்குப் போடும் பவுடர் மாதிரி அப்படி ஒரு நைசு. ஐந்து சட்டி சிமெண்டு போட வேண்டிய இடத்தில் நாலு சட்டி சிமெண்டு, ஒரு சட்டி சாம்பல்.

"சாருங்க, எங்கூட்டு அடுப்புல ஒரு கூடை கெடக்குது, அள்ளிட்டு வரட்டுங்களா?" என்று எங்களில் ஒருத்தி கேட்டாள்.

"அது பாத்திரம் விளக்கத்தாம்மா ஆகும். அதைப் போட்டா களம் உதிர்ந்துடும்" என்று அவரும் சிரித்தார்.

காப்பிப் பழம் எடுக்கும் காலம் வந்தபோது அந்தக் களம் பாறையாகிக் கிடந்தது. குழாய் பதிக்க உளி வைத்தவன் கை வலிக்கிறது என்று திட்டினான். அன்றுதான் எனக்கு ஆசை வந்தது. மூட்டைகள் சில குடோனில் மிஞ்சியிருந்தன. ஆண்களிடம் நான் நிமிர்ந்து பேசினவள் இல்லை. எஞ்சினியர் வந்த ஒரு நாள், தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டுவிட்டேன்.

"தாராளமா எடுத்துக்கம்மா. ஆனா இது மெதுவாத்தான் இறுகும். களம் போட்டது வெயில் காலம், அதுவும் தரையில கிடக்குது. நீங்க போடறது தலைக்கு மேல. இந்தக் கார்த்திகைக் குளிருக்கு நாலு வாரம் சென்ட்ரிங்ல, அந்த முட்டு, ஷீட்டு எதுலயும் கை வைக்காதீங்க" என்றார் அவர்.

தலையை ஆட்டினேன். வீட்டில் வந்து பாதிதான் சொன்னேன்.

"புள்ளைங்க தலை மேல சாம்பலக் கொட்டப் போறியா?" என்று வீட்டுக்காரர் கேட்டார். களத்துக்குக் கூட்டிப் போய்க் காட்டினேன், காலால் உதைத்துப் பார்த்துவிட்டுச் சரி என்றார். நாலு வாரம் என்றால் சாம்பலே வேண்டாம் என்பார். அதனால் அதை மட்டும் விழுங்கிவிட்டேன். மலையில் எந்த வேலை சொன்ன நாளில் நடக்கிறது? தளம் போடும் மேஸ்திரி, பிரிக்கத் தானாகவே ஒரு மாதம் கழித்துத்தான் வருவான் என்று நினைத்தேன்.

மேஸ்திரி சேலத்துக்காரன். வேகமான ஆள். ஒன்பதாம் நாளே வந்துவிட்டான்.

"நாளைக்குப் பிரிச்சிடலாங்கண்ணா. செம்மநத்தத்துல கம்பி கட்டி வெச்சுட்டு, இந்த ஷீட்டுக்குத்தான் காத்திருக்காங்க."

"பிரிச்சுக்கப்பா" என்றார் வீட்டுக்காரர்.

டீ கொண்டுபோன நான், "ஏனுங்க, இன்னுங் கொஞ்ச நாளு..." என்று இழுத்தேன்.

"என்ன கொஞ்ச நாளு? நீ எப்ப மேஸ்திரி ஆன?"

"கீழ ஊர்ல பத்து நாளே அதிகமுங்கக்கா" என்று மேஸ்திரி சிரித்தான்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால், இத்தனை நாள் ஏன் மறைத்தாய் என்பார், அதுவும் வெளியாள் முன்னால். டம்ளரை வாங்கிக்கொண்டு கொட்டகைக்குள் போனேன். அங்கே மூலையில் என் அடைக்கோழி, பதினோரு முட்டைமேல் உட்கார்ந்திருந்தது. வைத்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது.

தளம் போட்ட அன்று வேலையாட்களுக்குக் கோழிச்சோறு போட்டோம். கோழி அறுக்கச் சொன்னபோது மேஸ்திரி தள்ளிப்போய்விட்டான். "எங்கூட்ல முழுகாம ஏழு மாசமுங்க, நான் கத்தியத் தொடக் கூடாது" என்றான். அது எனக்கு ஞாபகம் வந்தது.

பொழுது சாயும் நேரம் கோழியைக் கூடையோடு தூக்கிக்கொண்டு போய், புது வீட்டுக்குள் தளத்தைத் தாங்கி நின்ற முட்டுக்கம்புகளின் நடுவே வைத்தேன். இடம் மாறினால் அடை விட்டு எழுந்துவிடுமோ என்று வேறு பயம். எழவில்லை.

காலையில் மேஸ்திரி கடப்பாரையோடு இரண்டு ஆட்களுடன் வந்தான். குனிந்து உள்ளே போனவன் அப்படியே பின்னால் வந்தான். கோழி இறகைச் சிலிர்த்துக்கொண்டு உறுமியது.

"ஏனுங்கக்கா, இதுக்கு வேற எடமே கெடைக்கலீங்களா?"

"அங்க கீரி வருதுங்க தம்பி." பொய்தான்.

"வெச்சு எத்தன நாளாச்சு?"

"மூணாவது நாளுங்க."

"இன்னும் பதினெட்டு நாளா!" என்று தலையில் கைவைத்தான். அவன் ஆட்களில் ஒருவன், "மேஸ்திரி, முட்டைக்கும் சேத்து நம்மளே சென்ட்ரிங் போட்டுட்டோம்" என்றான்.

வீட்டுக்காரருக்குக் கோபம். "ஒரு கோழிக்காகவா வேலை நிக்கறது?" என்று கூடையைத் தூக்கக் குனிந்தார். மேஸ்திரி அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"வேண்டாங்கண்ணா. நான் வேலை பாக்கற எடத்துல அடைக்கோழிய எழுப்பி, எங்கூட்ல ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா எங்கம்மா என்ன உள்ளயே சேக்காது. வெளிய சன்ஷேடு ஷீட்டை மட்டும் கழட்டிக்கறேன்."

சன்ஷேடை நான் நினைக்கவே இல்லை. ஒரே கோழியை எத்தனை இடத்தில் வைப்பது? வாசலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த அந்தச் சன்ஷேடின் முட்டுகளை மேஸ்திரி ஒவ்வொன்றாகத் தட்டினான். கடைசி முட்டு விழுந்ததும், ஓரம் ஒரு விரல்கடை அளவு கீழே இறங்கியது. சுவரோடு சேரும் இடத்தில் மயிரிழை போல ஒரு விரிசல் ஓடியது.

மேஸ்திரி பாய்ந்துபோய் முட்டுக்கம்பை மறுபடி நிறுத்தினான்.

"பத்து நாளாகியும் எறங்குதேங்கண்ணா" என்றான். அவன் முகம் வெளுத்திருந்தது.

"எஞ்சினியர் சாருதான் நாலு வாரம்னு சொன்னாருங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. வீட்டுக்காரருக்குக் கேட்டுவிட்டது.

"எப்பச் சொன்னாரு?"

"சாம்பல் குடுக்கறப்பவே. குளிருக்கு இறுகாதுன்னாரு."

அவர் தளத்தைப் பார்த்தார். பிள்ளைகளைப் பார்த்தார். பிறகு கோழியைப் பார்த்து, "அப்ப இது?" என்றார். மேஸ்திரிக்குத்தான் முதலில் புரிந்தது. அவ்வளவு பயத்திலும் சிரித்துவிட்டான். செம்மநத்தத்துக்கு வேறு ஷீட்டு பார்த்துக்கொள்கிறேன் என்று போனான். வீட்டுக்காரர் அதன்பின் மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

அந்தப் பதினெட்டு நாளும் எப்படிப் போனதென்று சொல்லத் தெரியவில்லை. பழம் எடுக்கும்போது கூடை கைநழுவும். கணக்கு எழுதும் ரைட்டர் கத்துவார். வேலை விட்டதும் ஓடிவந்து முட்டுக்கம்பு ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்ப்பேன். சன்ஷேடே இறங்கியது, உள்ளே இருக்கும் தளம் மட்டும் எப்படி நிற்கும்? சாம்பல் வேண்டாமென்று முதலிலேயே விட்டிருந்தால் இதெல்லாம் உண்டா? குஞ்சுகள் ஒன்பது வெளியே வந்தன. அதற்கு மறுநாள் மேஸ்திரி வந்தான்.

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்காரர் ரோட்டோரம் போய் நின்றார். என்னையும் கூப்பிட்டார். நான் போகவில்லை. சுவர் மூலையில் நின்றேன். தைரியத்தால் அல்ல. அது விழுந்தால், வெளியே நின்று அவர்கள் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை, அவ்வளவுதான். மேஸ்திரி நடுவிலிருந்து ஒவ்வொன்றாகத் தட்டினான். ஷீட்டுகள் தடதடவென்று இறங்கின. கடைசிக் கம்பும் போன பிறகு ஒரு சத்தமும் இல்லை. சுத்தியால் மேலே தட்டினான். ணங்கென்றது.

"வெளிய வாங்கக்கா. அது நின்னுடுச்சு."

சன்ஷேடின் விரிசலைப் பூசி அடைத்தோம். ஓரம் மட்டும் இன்றுவரை இடது பக்கம் சாய்ந்துதான் இருக்கிறது. மழைத்தண்ணீர் வடிவதற்காகத் தானே அப்படிச் சாய்க்கச் சொன்னதாக வீட்டுக்காரர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொள்வார். நான் மறுத்ததில்லை. ஆனால் மழை பிடித்தால் என்னால் உட்கார்ந்திருக்க முடியாது. வெளியே போய் அந்த விரிசல் இருந்த இடத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு வந்தால்தான் அடுத்த வேலை ஓடும்.