நகம் இல்லாத ஊருக்கு ஒரு மடக்குக் கத்தி

1. பட்டறை வாசலில் அக்கா

வைஸ் இடுக்கியில் ஸ்பிரிங் தகட்டைப் பிடித்து ராவிக்கொண்டிருந்தேன். பட்டறை வாசலில் என் அக்கா வந்து நின்றாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே அரத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

"உங்க கத்தி மாமா வாயக் கிழிச்சிடுச்சிடா. முன்பல்லும் போச்சு. அத்தோட போனாலும் பரவால்ல, பொடவையில ரத்தம் பட்டுடுச்சி."

மாமா என்றால் அவள் வீட்டுக்காரர் ஏழுமலை. பிள்ளையார்பாளையத்தில் பட்டுத் தறி. அன்று தறியில் இருந்தது சந்தன நிறத்தில் ஒரு முகூர்த்தப் புடவை. நான் ஓடிப் போய்ப் பார்ப்பதற்குள் தறியில் ஏற்றும் நீளவாட்டு இழையான பாவைக் கொடுத்த பட்டு முதலாளிக்குச் செய்தி போய்விட்டது. அவர் வந்து, "கல்யாணப் பொடவையில ரத்தமா?" என்று ஒரே வார்த்தை கேட்டார். தறியில் இருந்த பாவை அறுத்து எடுத்துக்கொண்டு போனார். இனி இந்தத் தறிக்குப் பாவு கிடையாது என்று தெரு முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டுத்தான் போனார்.

மாமா வாயில் துணியை அழுத்திக்கொண்டு வெறும் தறியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அந்த ஆத்திரம் இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு அடங்கவில்லை. இதை எழுதுவதே அதற்காகத்தான்.

2. சீமைச் சாம்பிள்

நான் வாலாஜாபாத் ரோட்டில் இருந்த ஒரு சின்னப் பட்டறையில் டை ஃபிட்டர், தகடு வெட்டும் அச்சுகளைச் செய்கிறவன். அறுபதுகளின் கடைசியில் சேர்ந்தேன். பூட்டு, கீல், தாழ்ப்பாள் என்று ஓடிக்கொண்டிருந்த இடம். முதலாளி கஜபதிக்கு சிங்கப்பூரிலிருந்து வந்த சொந்தக்காரர் ஒருவர் மடக்குக் கத்தி ஒன்றைக் கொடுத்தார். அன்றிலிருந்து பிடித்தது பைத்தியம்.

"இதே மாரி போடுப்பா. ஒரு மயிரிழை மாறக் கூடாது. காஞ்சிபுரத்துல எவ்ளோ தறி இருக்குது! அல்லாரும் அரை பிளேட வெச்சிக்கினு இடுப்பக் கிழிச்சிக்கினு இருக்கறாங்க."

அவர் சொன்னதில் பாதி சரி. நெசவாளர்கள் இழை அறுந்தால் முடி போட்டு, நுனியை நறுக்க அரை பிளேடைத்தான் வேட்டி மடிப்பில் செருகி வைத்திருப்பார்கள். அது நழுவினால் இடுப்பைக் கிழிக்கும். மடக்குக் கத்தி வந்தால் நல்லதுதான்.

ஆனால் சீமைக் கத்தியின் பிளேடில், முதுகை ஒட்டி ஒரு சின்னப் பள்ளம் இருந்தது. கட்டைவிரல் நகத்தை அதில் கொடுத்து இழுத்தால்தான் திறக்கும். எங்கள் ஊர் பட்டு நெசவாளியிடம் நகம் எங்கே இருக்கிறது? நகம் எள்ளளவு வளர்ந்தாலும் பட்டிழை அதில் மாட்டிப் பிசிறு கிளம்பிவிடும். அதனால் சதையோடு ஒட்ட வெட்டிவிடுவார்கள். நான் இதை முதல் நாளே சொன்னேன்.

"நகம் இல்லாம எப்டி தொறப்பாங்க மொதலாளி?"

"அல்லாம் தொறப்பாங்க. பொழைக்கத் தெரிஞ்சவங்கதான்."

சாம்பிள் மாதிரியே போட்டு விற்றோம். ஆமாம், திறந்தார்கள். ஒரு கையில் அறுந்த இழை, மறு கையில் கத்தி. விட்டால் இழை ஓடிவிடும். நகமும் கிடையாது. பல்லால் கடித்து இழுத்தார்கள். ஸ்பிரிங்காவது லேசாக இருந்ததா? "டைட்டா இருந்தாத்தான் சீமச் சரக்கு மாரி இருக்கும்" என்று அதையும் இறுக்க வைத்திருந்தார் முதலாளி. கடித்து இழுத்தால் பாதி வரை முரண்டு பிடிக்கும், பிறகு சடக்கென்று விரியும். மாமாவின் உதடு அப்படித்தான் போயிற்று.

3. ஒரு வார்த்தை

மறுநாள் காலை முதலாளியிடம் போய் நின்றேன். பட்டு முதலாளியும் அவரும் பழகியவர்கள், வெள்ளிக்கிழமை தவறாமல் ஒன்றாகக் கோயிலுக்குப் போகிறவர்கள். கத்தியில்தான் கோளாறு, ஆள் மேல் தப்பில்லை என்று இவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மாமாவுக்குப் பாவு திரும்பி வந்துவிடும்.

"கத்தி மேல இன்னா தப்புன்றே? பல்லால தொற-ன்னு நான் சொன்னனா? ஒழுங்கா பிடிக்கத் தெரியல உங்க மாமாவுக்கு. அதுக்குப் போய் நான் என் சரக்க மட்டம்னு சொல்லணுமா?"

ஐம்பது வருஷத் தொழிலில் இந்தப் பேச்சை எத்தனை முதலாளிகள் வாயில் கேட்டிருக்கிறேன்! கருவி கடித்தால், கடிபட்டவனுக்குப் பிடிக்கத் தெரியவில்லை. எப்போதும் இதே பாட்டுத்தான்.

பேசிப் பயனில்லை என்று வேலையில் இறங்கினேன். மதியச் சோற்று நேரத்தில் என் கத்தியைச் செய்தேன். கைப்பிடித் தகடு இரண்டிலும் அரைவட்டமாக ஒரு வாய் வெட்டினேன். மடங்கியிருக்கும் பிளேடின் இரு பக்கமும் அதில் வெளியே தெரியும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கொடுத்துக் கிள்ளி, கைப்பிடியைத் தொடையில் முட்டுக்கொடுத்துத் தள்ளினால் ஒரே கையில் திறந்துவிடலாம். நகமும் வேண்டாம், பல்லும் வேண்டாம். ஸ்பிரிங்கை இளக்கினேன். பாவைக் குத்திவிடாமல் இருக்க முனையை உருட்டினேன். கீலில் எண்ணெய் விட்டால் பட்டில் கறை விழும் என்பதால், எண்ணெய் இல்லாமலே வழுக்குகிற மாதிரி நடுவில் பித்தளை வாஷர் போட்டேன். ரிவெட் தலைகளை இழை மாட்டாதபடி தேய்த்து மழுக்கினேன்.

அக்கா வீட்டுக்கு எடுத்துப் போனேன். மாமா அப்போது அடுத்தவர் தறியில், புடவைக் கரைக்கு இழை ஓட்டும் நாடாவைத் தள்ளிவிடுகிற எடுபிடி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். அது சின்னப் பிள்ளைகள் உட்காரும் இடம். கத்தியை வாங்கித் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

"இது கத்தி மச்சான்" என்றார்.

மறுநாள் பட்டறைக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். முதலாளி அதைப் பார்த்துவிட்டு, "பார்க்க எலி கடிச்ச மாரி இருக்குது" என்று மேஜை டிராயருக்குள் போட்டுவிட்டார்.

4. ஐயோ சார்

சில மாதம் போனது. மெட்ராஸிலிருந்து ஒரு ஹார்டுவேர் வியாபாரி வந்தார். பெரிய ஆர்டர் கொடுக்கிற ஆள். பருத்த விரல், அன்று காலைதான் நகம் வெட்டியிருக்கிறார். சீமை மாடலைக் கையில் எடுத்தார். தடவினார், சுரண்டினார். திறக்கவில்லை.

"இன்னாய்யா இது, தொறக்கவே மாட்டேங்குது?" என்று சொல்லிக்கொண்டே வாய்க்குக் கொண்டுபோனார்.

கஜபதி நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். "ஐயோ சார், வாயில வெக்காதீங்க! உதடு பூடும்!"

அப்படியானால் இவருக்குத் தெரியும். இத்தனை நாளும் நன்றாகத் தெரியும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்த நிமிஷமே டிராயரைத் திறந்து என் கத்தியை எடுத்து, "நம்மளே யோசிச்சி ஒரு புது மாடல் போட்டிருக்கறோம் சார்" என்று நீட்டினார். ஒரு தெரு நெசவாளர்கள் பல்லால் கடித்தபோது நகராத மனிதர், ஒரு வியாபாரி வாய் திறந்ததும் மாடலையே மாற்றிவிட்டார்.

5. போட்டோ

விளம்பர அட்டை அடிக்க வேண்டும் என்றார். 'நெசவாளர் கைக்கென்றே வடிவமைத்தது' என்று வாசகம். கூடவே, தறியில் உட்கார்ந்து கத்தியோடு சிரிக்கும் ஒரு நெசவாளியின் படம் வேண்டும்.

"உங்க மாமாவையே வரச் சொல்லுப்பா. போட்டோ நல்லா வந்திச்சின்னா பட்டு மொதலாளிகிட்ட நானே பேசறேன்."

அக்கா நம்பிக்கையோடு சட்டை தேய்த்துக் கொடுத்து அனுப்பினாள். மாமா தறியில் உட்கார்ந்து கத்தியைத் திறந்து பிடித்தார். போட்டோக்காரர் சிரிக்கச் சொன்னார். சிரித்தார். உடைந்த பல்லும் உதட்டுத் தழும்பும் தெரிந்தன.

"வாய மூடிக்கினு சிரிக்கச் சொல்லுப்பா" என்றார் கஜபதி.

மாமா சிரிப்பை நிறுத்தினார். "மொதலாளி, கத்தி விக்கறதுக்கு நான் வேணும். உங்க கத்தி ஒடச்ச பல்லு வேணாமா? பழைய கத்தி மேலதான் தப்புன்னு பட்டு மொதலாளிகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க. நீங்க சொல்ற மாரி நிக்கறேன்."

"அது எப்டிப்பா? கம்பெனி பேரு இன்னாவறது?"

மாமா கத்தியை மடக்கித் தறி மேல் வைத்துவிட்டு எழுந்து போனார். நானும் அவர் பின்னாலேயே நடந்தேன். அந்தப் பட்டறைக்கு அப்புறம் போகவில்லை.

பாவு கூட்டுறவுச் சங்கத்தில் கிடைத்தது, அக்கா அலையாய் அலைந்த பிறகு. விளம்பர அட்டையும் வெளிவந்தது. ஆபீஸ் கணக்குப்பிள்ளையைத் தறியில் உட்கார வைத்து எடுத்திருந்தார்கள். 'நெசவாளர் கைக்கென்றே' என்ற எழுத்துக்குப் பக்கத்தில், சுண்டுவிரல் நகம் நீளமாக வளர்ந்த ஒரு கை என் கத்தியைப் பிடித்திருந்தது.

பிறகு நான் சொந்தமாகப் பட்டறை வைத்தேன். வேலைக்கு வந்த ஒவ்வொருவருக்கும் முதல் நாள் ஒன்றுதான் சொன்னேன், கருவி டிசைன் செய்கிற உங்களுக்கும் அதையே சொல்கிறேன். சாம்பிளைச் சோதிக்க வருவதற்கு முன் நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு வாருங்கள்.